பிரேசில் வீரர்கள் இத்தாலியில் நிஜமாகவே சண்டை போட்டார்களா?

பாம்பு வாயில் புகைக்குழாயோடு இருக்கிற ஒரு ராணுவச் சின்னத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: இரண்டாம் உலகப் போரில் பிரேசில் படை இத்தாலிக்குப் போனது உண்மையா, இல்லை பேருக்கு நாலு பேரை அனுப்பிப் படம் எடுத்துக்கொண்டார்களா, அந்தப் பாம்பு ஹிட்லர் அடித்த கிண்டலால் வந்ததா, மற்ற தென் அமெரிக்க நாடுகள் என்ன செய்தன, முதல் உலகப் போரில் யாராவது போனார்களா. போனார்களா என்பது ஒரு வரியில் முடிகிற விஷயம். போனார்கள், 25,000-க்குச் சற்று மேல். நீங்கள் உண்மையில் கேட்பது அவர்கள் போனதற்கு ஏதாவது அர்த்தம் இருந்ததா என்பதைத்தான். அதற்கு என் பதில் கொஞ்சம் இரண்டுங்கெட்டானாக இருக்கும். அனுப்பிய அரசுக்கு அது பெரும்பாலும் அரசியல் கணக்கு. மலையேறியவர்களுக்கு அது முழுக்க முழுக்க நிஜமான போர். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இணையத்தில் ஒரு பக்கம் "சும்மா ஒப்புக்குச் சப்பாணி" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "இத்தாலியை விடுவித்ததே அவர்கள்தான்" என்கிறார்கள்.

நான் கல்லூரியில் இருபதாம் நூற்றாண்டு வரலாறு நடத்துகிறேன், என் ஆராய்ச்சி இத்தாலியப் போர்முனை பற்றியது. போர்த்துகீசியம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிற அளவுக்குத்தான் தெரியும். அதனால் படை நகர்வுகள், உத்தரவுகள், எண்ணிக்கைகள் பற்றி உறுதியாகப் பேசுவேன். வீரர்கள் வயதான பிறகு சொன்ன நினைவுகளைப் பற்றி அந்த உறுதியோடு பேச மாட்டேன், அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஏன் போனார்கள் என்று பார்க்கலாம். 1930-லிருந்து பிரேசிலை ஆண்டவர் ஜெதூலியோ வர்காஸ், 1937-லிருந்து நாடாளுமன்றத்தை மூடிவிட்டு ஆண்ட சர்வாதிகாரி. அவருடைய ராணுவத்தின் மேல்மட்டத்தில், போர் அமைச்சர் துத்ரா உட்பட, ஜெர்மனி மேல் மரியாதை வைத்திருந்தவர்கள் குறைவில்லை. வெளியுறவு அமைச்சர் ஒஸ்வால்டோ அரான்யா அமெரிக்கா பக்கம். வர்காஸ் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டே விலையை ஏற்றினார். அவருக்கு வேண்டியிருந்தது ஓர் உருக்காலை. 1940-ல் அமெரிக்கா அதற்குக் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது, அதுதான் வோல்டா ரெடொண்டா ஆலை. பதிலுக்கு அமெரிக்காவுக்கு வேண்டியிருந்தது பிரேசிலின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நடால் என்ற ஊர். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு மிகக் குறுகலான கடல்வழி அங்கேதான். அந்தக் காலத்து விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டி வடஆப்பிரிக்கப் போருக்குப் போக நடால் விமானத்தளம் இல்லாமல் முடியாது.

1942 ஜனவரியில் பிரேசில் அச்சு நாடுகளோடு, அதாவது ஜெர்மனி, இத்தாலி, ஜப்பானோடு, உறவை முறித்தது. அதே ஆகஸ்டில் யு-507 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி சில நாட்களுக்குள் பிரேசிலின் பாஹியா, செர்ஜிப்பே மாநிலக் கரையோரம் ஆறு கப்பல்களை மூழ்கடித்தது. 600-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பாயேபெண்டி என்ற ஒரே கப்பலில் மட்டும் சுமார் 270 பேர். எல்லாம் கரைக்குப் பக்கத்தில், பெரும்பாலும் உள்நாட்டுப் பயணிகள் போய்வருகிற கப்பல்கள். நகரங்களில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஜெர்மன் இத்தாலியப் பெயர்ப் பலகை வைத்த கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன, ஆகஸ்ட் 22 அன்று அரசு போர் அறிவித்தது. ஆனால் போர் அறிவிப்பது வேறு, கடல் தாண்டிப் படை அனுப்புவது வேறு. அதை யாரும் பிரேசிலிடம் வற்புறுத்திக் கேட்கவில்லை. அனுப்ப வேண்டும் என்று முனைப்பாக நின்றது பிரேசில்தான். போர் முடிந்து மேசை போடும்போது அதில் ஒரு நாற்காலி வேண்டும், பக்கத்தில் இருக்கும் அர்ஜென்டினாவைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும், ராணுவத்துக்கு நவீன ஆயுதம் வேண்டும். இது என் ஊகம் இல்லை, அன்றைய அரசு ஆவணங்களிலேயே ஓரளவு வெளிப்படையாக இருக்கிற கணக்கு. "அடையாளத்துக்காக" என்று நீங்கள் சொல்வது இந்த அளவுக்குச் சரி.

மூன்று டிவிஷன் என்று பேச்சைத் தொடங்கினார்கள், கடைசியில் ஒன்றுதான் தேறியது. டிவிஷன் என்பது பல ரெஜிமென்ட்டுகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு. ரியோவின் 1-வது ரெஜிமென்ட், சாவ் பாலோ மாநிலத்தின் 6-வது, மினாஸ் ஜெராயிஸின் 11-வது, கூடவே பீரங்கிப் படை, பொறியாளர்கள், 67 ராணுவ நர்சுகள். தலைமை ஜெனரல் மஸ்கரேன்யஸ் டி மொராயிஸ். ஆட்களைத் திரட்டும்போதே நாட்டின் வறுமை வெளியே வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனையில் பல்லும் நுரையீரலும் எடையும் தேறாமல் கும்பல் கும்பலாக விழுந்தார்கள். தேறியவர்களின் முதல் அணி 1944 ஜூலை 2 அன்று ரியோவில் ஓர் அமெரிக்கத் துருப்புக் கப்பலில் ஏறியது, ஜூலை 16 நேப்பிள்ஸில் இறங்கியது. கையில் ஆயுதம் கிடையாது, ஆயுதமெல்லாம் அமெரிக்கர்கள் இத்தாலியில் தருவதாக ஏற்பாடு. சீருடையோ ஜெர்மன் சீருடையின் சாயலில் இருந்தது. துறைமுகத்தில் வேடிக்கை பார்த்த நேப்பிள்ஸ் ஜனங்கள் இவர்களை ஜெர்மன் கைதிகள் என்று நினைத்துக் கூச்சல் போட்டார்கள் என்று திரும்பி வந்த வீரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். கல் எறிந்தார்கள் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். கூச்சலை நம்புகிறேன், பலர் தனித்தனியாகச் சொல்கிறார்கள். கல் விஷயம் சொல்லச் சொல்லக் கூடியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் "பேருக்குப் போனவர்கள்" என்ற வாதம் அடிபடுகிறது. அந்த ஆகஸ்டில் தெற்கு பிரான்ஸில் இறங்குவதற்காக ஜெனரல் மார்க் கிளார்க்கின் அமெரிக்க ஐந்தாம் படையிலிருந்து ஏழு டிவிஷன்களை உருவி எடுத்துவிட்டார்கள், மூன்று அமெரிக்கர்களுடையது, நான்கு பிரெஞ்சுக்காரர்களுடையது. மிச்சப் படையோடு கிளார்க் அபென்னைன் மலைத் தொடரில் ஜெர்மானியர் கட்டி வைத்திருந்த கோதிக் அரணை உடைக்க வேண்டும். ஒரு டிவிஷன் என்பது சாதாரண நேரத்தில் சின்ன எண்ணிக்கைதான், ஆள் பற்றாக்குறையில் இருப்பவனுக்கு அது சின்னது இல்லை. ஆகவே பிரேசில்காரர்களைப் படம் எடுக்கிற இடத்தில் நிற்க வைக்கவில்லை, நேராக முனையில் கொண்டுபோய் விட்டார்கள். செப்டம்பர் 15 முதல் 6-வது ரெஜிமென்ட் களத்தில். அடுத்தடுத்த நாட்களில் மஸ்ஸரோசா, கமயோரே ஊர்களைப் பிடித்தது, மாதக் கடைசிக்குள் மோன்டே பிரானோவையும். பிறகு செர்கியோ பள்ளத்தாக்கு. அதுவரை எதிரி பின்வாங்கிக்கொண்டிருந்தான், இவர்கள் முன்னேறினார்கள், எல்லோருக்கும் உற்சாகம்.

உற்சாகம் நவம்பரில் முடிந்தது. டிவிஷனை ரேனோ பள்ளத்தாக்குக்கு மாற்றினார்கள், பிஸ்தோயாவிலிருந்து போலோன்யா போகும் 64-ம் எண் சாலை அங்கே போகிறது. அந்தச் சாலையை மேலிருந்து பார்த்துக்கொண்டு ஒரு மலை வரிசை, அதில் ஒரு முகடு மோன்டே காஸ்தெல்லோ, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பார்த்தால் பயமுறுத்துகிற மலை இல்லை. பிரச்சினை அது தனியாக இல்லை என்பதுதான். பக்கத்தில் அதைவிட உயரமாக மோன்டே பெல்வெதேரே நிற்கிறது, அதுவும் ஜெர்மானியர் கையில். காஸ்தெல்லோவின் சரிவில் ஏறுகிறவனைப் பக்கவாட்டில் பெல்வெதேரேயிலிருந்து சாவகாசமாகச் சுடலாம். நவம்பர் 24, 25-ல் அமெரிக்கர்களின் கீழ் ஒரு தாக்குதல், 29-ல் இன்னொன்று, டிசம்பர் 12-ல் மழையிலும் மூடுபனியிலும் மறுபடி ஒன்று, எல்லாமே தோல்வி. டிசம்பர் 12 ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக நூறு பேருக்கு மேல். விமான உதவி இல்லை, சேற்றில் டாங்கி ஏறவில்லை, எதிரே இயந்திரத் துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கிக்கு அவர்கள் வைத்த பெயர் லுர்தின்யா. நம்மூரில் லூர்து என்று பெண்ணுக்குப் பேர் வைப்பார்களே, அதன் செல்லக் குறுக்கம் மாதிரி. ஜெர்மன் எம்ஜி-42 நிமிஷத்துக்குச் சுமார் 1,200 குண்டு கக்கும், தனித்தனிச் சத்தமாகக் கேட்காது, துணி கிழிகிற மாதிரி ஒரே இழுப்பாக இருக்கும். படபடவென்று பேசும் ஒரு வீரனின் காதலி பெயர் அது என்று ஒரு கதை, தையல் மெஷின் என்று இன்னொரு கதை. எது சரி என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். எதிர்ப்பக்கம் இவர்கள் கையில் பெரும்பாலும் இருந்தது 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய ரைஃபிள். அமெரிக்கக் காலாட்படை வைத்திருந்த அரைத் தானியங்கி காரண்ட் இவர்களுக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

புகழ்பாடும் பதிவுகளில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில், சரியான பயிற்சி இல்லாமல் அப்போதுதான் முனைக்கு வந்து சேர்ந்த 11-வது ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியன், இரவில் ஜெர்மன் தாக்குதலில் பீதி பிடித்து இடத்தைப் போட்டுவிட்டு ஓடியது. எல்லாப் படையிலும் நடப்பதுதான், ஆனால் பல நூல்கள் இதைத் தாண்டிப் போய்விடும். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அதே ரெஜிமென்ட் நான்கு மாதம் கழித்து என்ன செய்தது என்பது கீழே வருகிறது.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை பெரிய தாக்குதல் இல்லை. குழி, பனி, ரோந்து. இவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாழ்க்கையில் பனிமழையே பார்த்ததில்லை, அந்தக் குளிர்காலத்தில் அந்த மலைகளில் வெப்பம் பூஜ்யத்துக்கு வெகு கீழே போனது. ஈரக் காலணிக்குள் பாதம் நாள்கணக்கில் ஊறினால் சதை செத்துப்போகும், முதல் உலகப் போரிலிருந்தே ராணுவங்களுக்குப் பழக்கமான வியாதி அது. பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, அமெரிக்கர்கள் மேலே மாட்டிக்கொள்ளக் கொடுத்த பெரிய ரப்பர் உறைக்குள் நேரடியாகக் காலை விட்டு, சுற்றிலும் வைக்கோலையும் பழைய செய்தித்தாளையும் திணித்துக்கொண்டோம், அதனால் எங்களுக்கு அந்த வியாதி குறைவு என்று பிரேசில் வீரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். திணித்தது நிஜம். அமெரிக்கர்களைவிட எவ்வளவு குறைவு என்று ஒப்பிடுகிற கணக்குகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ரோந்துக்குப் போகும்போது வெள்ளை அங்கி போர்த்திக்கொண்டு இரவில் இறங்குவார்கள், ஒருவன் திரும்பி வராவிட்டால் மறுநாள் பனி எல்லாவற்றையும் மூடியிருக்கும். இதற்கு நடுவே ஜெர்மானியர் போர்த்துகீசிய மொழியில் ஒரு வானொலியே நடத்தினார்கள், துண்டுப் பிரசுரமும் போட்டார்கள்: இது உங்கள் போர் இல்லை, அமெரிக்கனுக்காக ஏன் சாகிறீர்கள். சொல்லப்போனால் நியாயமான கேள்வி, கேட்ட ஆள்தான் சரியில்லை.

காஸ்தெல்லோ விழுந்தது 1945 பிப்ரவரி 21-ல். விழுந்த விதம் முக்கியம். இம்முறை பக்கத்து மலைகளைச் சேர்த்துத் திட்டம் போட்டார்கள். புதிதாக வந்த அமெரிக்க 10-வது மலைப்படை டிவிஷன் முதலில் இரவோடு இரவாக ரீவா முகட்டில் ஏறியது, பிறகு பெல்வெதேரேயைப் பிடித்தது. பக்கவாட்டுச் சூடு நின்றதும் பிரேசிலின் 1-வது ரெஜிமென்ட் தன் பீரங்கிகளின் துணையோடு மேலே போய் மாலைக்குள் உச்சியைப் பிடித்தது. பிரேசில் பாடநூலில் இது தனி வெற்றி மாதிரி இருக்கும், அமெரிக்க நூல்களில் 10-வது மலைப்படையின் கதையில் அரை வரி. இரண்டுமே சரியில்லை. பெல்வெதேரே விழாமல் காஸ்தெல்லோ விழுந்திருக்காது, மூன்று மாதம் அந்தச் சாலையைப் பிடித்து வைத்திருந்த ஆட்கள் இல்லாமல் பெல்வெதேரே திட்டத்துக்கே இடம் இருந்திருக்காது.

அடுத்தது மொன்தேஸே. மலையூர், ஏப்ரல் 14-ல் தொடங்கிச் சில நாள் நடந்த சண்டை, வீடு வீடாக. இவர்கள் சந்தித்ததிலேயே அதிக ரத்தம் சிந்திய சண்டை இதுதான், நானூறுக்கும் மேற்பட்டோர் செத்தும் காயம்பட்டும் போனார்கள், ஊரில் பெரும்பாலான வீடுகள் தரைமட்டம். ஊருக்குள் முதலில் நுழைந்தது அதே 11-வது ரெஜிமென்ட். அந்த ரெஜிமென்ட்டின் சார்ஜென்ட் மாக்ஸ் வோல்ஃப் ஃபில்யோ இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 12-ல், ரோந்தில் சுடப்பட்டுச் செத்தார். பெயரே சொல்கிறது, ஆஸ்திரியத் தந்தையின் மகன். தென் பிரேசிலில் ஜெர்மன் பேசுகிற குடும்பங்கள் ஏராளம், போர் நாட்களில் பொது இடத்தில் ஜெர்மன் பேசுவதற்கே தடை, அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் படையில் இருந்தார்கள். வோல்ஃபின் கடைசி ரோந்து கிளம்பும்போது பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

மொன்தேஸேவோடு சேர்த்து "மூன்று வீரர்கள்" கதை ஒன்று சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருக்கலாம். மூன்று பிரேசில் வீரர்கள் சரணடைய மறுத்துக் கடைசிக் குண்டு வரை சுட்டுச் செத்ததாகவும், ஜெர்மானியரே அவர்களைப் புதைத்து "மூன்று பிரேசில் மாவீரர்கள்" என்று சிலுவையில் எழுதி மரியாதை செய்ததாகவும். செத்துப்போன மூவரும் நிஜ மனிதர்கள், அவர்களுக்கு நினைவுச்சின்னமும் உண்டு. ஆனால் அவர்கள் செத்த விதம் பற்றிய விவரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, வேறொரு இடத்தில் வேறொரு நாளில் கிடைத்த கல்லறைக் கதையும் இதோடு கலந்துவிட்டது என்று பிரேசில் ஆராய்ச்சியாளர்களே கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். நானாக இருந்தால் இதை வகுப்பில் வரலாறாகச் சொல்ல மாட்டேன்.

கடைசி வாரம் வேகம். வட இத்தாலியின் போ நதிச் சமவெளியில் ஜெர்மன் படைகள் சிதறி வடக்கே ஓடுகின்றன. துரத்த லாரி இல்லை. மஸ்கரேன்யஸ் பீரங்கிகளை நிறுத்திவிட்டு அவற்றை இழுக்கும் லாரிகளில் காலாட்படையை ஏற்றி அனுப்பினார், எனக்கு இந்தப் படையெடுப்பு முழுவதிலும் பிடித்த முடிவு அதுதான். கொலெக்கியோவில் ஒரு மோதல், பிறகு பார்மாவுக்குத் தென்மேற்கே ஃபோர்னோவோ. லா ஸ்பெசியா பக்கமிருந்து மலை தாண்டி வந்த ஜெர்மன் 148-வது டிவிஷன், கூடவே முசோலினியின் இத்தாலியா டிவிஷனின் மிச்சம், வழி அடைபட்டு நின்றார்கள். உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் சரணடையச் சொல்லும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார். ஏப்ரல் 28 இரவிலிருந்து 30 வரை வரிசையாக வந்து ஆயுதத்தைப் போட்டார்கள், 14,779 பேர், ஜெனரல் ஃபிரெட்டர்-பீக்கோவும் இத்தாலிய ஜெனரல் கார்லோனியும் உட்பட. ஒரு முழு டிவிஷன் தென் அமெரிக்கப் படை ஒன்றிடம் சரணடைந்தது என்பது துல்லியமான உண்மை. கூடவே, இத்தாலியில் போர் முடிய நான்கு நாள்தான் இருந்தது, அவர்களுக்கு எரிபொருளும் இல்லை, போக இடமும் இல்லை என்பதும் உண்மை.

விமானப் படையைப் பற்றிச் சுருக்கமாக. நேரோ மோராவின் தலைமையில் பி-47 தண்டர்போல்ட் ஓட்டிய ஒரு சண்டை விமானக் குழு, அமெரிக்க 350-வது குழுவோடு சேர்ந்து முதலில் தர்க்வீனியாவிலிருந்தும் பிறகு பீசாவிலிருந்தும் பறந்தது. சின்னம் ஒரு நெருப்புக்கோழி. மாற்று விமானிகள் போதிய அளவு வராமலே பறந்துகொண்டிருந்தார்கள். 1945 ஏப்ரல் 22 அன்று இருந்த கொஞ்சம் பேரே 44 முறை பறந்தார்கள், பிரேசிலில் அந்த நாள் இன்றும் போர் விமானிகள் தினம். எத்தனை பாலம், எத்தனை லாரி அழித்தார்கள் என்ற பட்டியலை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், விமானிகள் சொல்லும் கணக்கு எந்த நாட்டிலும் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும்.

சரி, பாம்புக்கு வருவோம். பிரேசில் போருக்குப் போவதைவிடப் பாம்பு புகை பிடிப்பது சுலபம் என்று ஒரு கேலி அன்றைக்கு நாட்டிலேயே உலவியது, அரசு ஒன்றரை வருஷம் பேசிக்கொண்டே இருந்ததைப் பார்த்து வந்த கேலி. ஹிட்லர் அதைச் சொன்னார் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அவருக்கு அதைவிட முக்கியமான வேலைகள் இருந்தன. இத்தாலியில் வீரர்கள் அந்தக் கேலியையே சீருடையின் தோளில் சின்னமாகத் தைத்துக்கொண்டார்கள்: மஞ்சள் பின்னணி, பச்சைப் பாம்பு, வாயில் புகைக்குழாய், சுற்றிலும் சிவப்பு. 6-வது ரெஜிமென்ட் நடத்திய கையடக்கப் பத்திரிகையின் பெயரே "பாம்பு புகைத்துவிட்டது" என்ற பொருளில்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கேட்டிருக்க வேண்டியது. இந்த டிவிஷனில் கறுப்பர், வெள்ளையர், கலப்பினத்தவர் எல்லோரும் ஒரே பிளட்டூனில். பக்கத்தில் சண்டை போட்ட அமெரிக்க 92-வது டிவிஷனில் வீரர்கள் கறுப்பர், உயர் அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர், எல்லாம் தனித்தனி. நிறவெறியர்களை எதிர்க்கப் போன படை தன் ஆட்களையே நிறத்தால் பிரித்து வைத்திருந்தது, சர்வாதிகாரி அனுப்பிய படை பிரிக்காமல் வைத்திருந்தது. அதற்காகப் பிரேசில் படையைச் சமத்துவச் சொர்க்கமாக்க வேண்டாம், அதிகாரிகளில் வெள்ளை முகம்தான் அதிகம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இடையே இருந்த தூரம் அமெரிக்கர்களிடம் இருந்ததைவிட அதிகம்.

இத்தாலியில் நம் ஆட்களும் இருந்தார்கள். பிரேசில்காரர்கள் வருவதற்கு ஐந்து மாதம் முன்னால், 1944 பிப்ரவரியில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் மின்யானோ அருகே கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றிச் செத்தார், அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கிடைத்தது. இதைவிட நெருக்கமான இன்னொரு தொடர்பு ரப்பர். மலாயாவில் நம் மக்கள் பால் வெட்டிய தோட்டங்கள் 1942-ல் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு டயர் ரப்பருக்கு வழியில்லை. உடனே பிரேசிலோடு ஒப்பந்தம். வறட்சியில் வாடிய வடகிழக்கு மாநிலங்களிலிருந்து, முக்கியமாக சியாராவிலிருந்து, 50,000-க்கும் மேற்பட்டவர்களை "ரப்பர் வீரர்கள்" என்று பெயர் வைத்து அமேசான் காட்டுக்கு அனுப்பினார்கள். மலேரியா, கடன், மேஸ்திரி. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு நம்பகமான கணக்கு இல்லை, ஆயிரக்கணக்கில் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. இத்தாலியில் செத்த பிரேசில் வீரர்கள் சுமார் 450-லிருந்து 470 வரை. விபத்தில் செத்தவர்களையும் விமானிகளையும் சேர்க்கிறார்களா என்பதைப் பொறுத்து எண் மாறும், அதனால் வேறு வேறு எண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். ஆகப் பிரேசில் இந்தப் போரில் இழந்த உயிர்களில் பெரும்பகுதி போர்முனையில் போகவே இல்லை, கடலிலும் காட்டிலும் போனது.

திரும்பி வந்தவர்கள் கதை சுருக்கமானது, கசப்பானது. ஜனநாயகத்துக்காகச் சண்டை போட்டுவிட்டு வரும் 25,000 பேரைப் பார்த்து வர்காஸ் அரசுக்கே பயம். அவர்கள் ரியோ வந்து சேர்வதற்கு முன்பே படையைக் கலைக்க உத்தரவு போட்டாகிவிட்டது. 1945 ஜூலையில் ஊர்வலம், பூமாலை, அப்புறம் அவரவர் வீட்டுக்கு, பெரும்பாலோருக்கு வேலை இல்லை, மனநலச் சிகிச்சை என்ற பேச்சே இல்லை. அக்டோபரில் வர்காஸையே ராணுவம் இறக்கியது. எல்லா முன்னாள் வீரர்களுக்கும் கௌரவமான ஓய்வூதியம், இரண்டாம் லெப்டினன்ட் சம்பளத்துக்கு நிகராக, 1988 அரசியலமைப்பில்தான் வந்தது. அதே அரசியலமைப்பு ரப்பர் வீரர்களுக்குக் கொடுத்தது இரண்டு குறைந்தபட்சக் கூலி. இந்தப் படையிலிருந்து ஜனநாயகவாதிகள் வந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. டிவிஷனின் போர்த் திட்டங்களை வகுத்த லெப்டினன்ட் கர்னல் கஸ்தெலோ பிராங்கோதான் 1964 ராணுவப் புரட்சிக்குப் பின் முதல் அதிபர். பொருளாதார அறிஞர் செல்சோ ஃபுர்தாடோவும் இதே படையில் இத்தாலியில் இருந்தவர், 1964-ல் அரசியல் உரிமை பறிக்கப்பட்டவர்களின் முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது.

மற்ற நாடுகள்: இரண்டாம் உலகப் போரில் கடல் தாண்டித் தரைப்படை அனுப்பிய தென் அமெரிக்க நாடு பிரேசில் ஒன்றுதான். அர்ஜென்டினா போர் அறிவித்ததே 1945 மார்ச்சில், அது பேருக்குத்தான். ஆனால் தனி மனிதர்கள் போனார்கள். பிரிட்டிஷ் வம்சாவளி அர்ஜென்டினாக்காரர்கள் நிறையப் பேர் பிரிட்டன் விமானப் படையில் சேர்ந்தார்கள், 164-வது ஸ்குவாட்ரன் அவர்களோடு சேர்த்துப் பேசப்படுகிற அளவுக்கு. புவனோஸ் அயர்ஸ் பக்கம் பிறந்த மோரின் டன்லப் போர் விமானங்களைத் தளத்திலிருந்து தளத்துக்கு ஓட்டிச் சேர்த்த பெண் விமானி. பிரிட்டிஷ் கயானாவிலிருந்து போன சை கிரான்ட், விமானம் விழுந்து ஜெர்மன் முகாமில் கைதியாக இருந்து, பின்னால் நடிகராகவும் பாடகராகவும் பேர் வாங்கினார்.

முதல் உலகப் போரிலும் பிரேசில் ஆள் அனுப்பியது. 1917 அக்டோபரில் போர் அறிவித்து, அடுத்த வருஷம் அட்மிரல் ஃபிரொன்டின் தலைமையில் ஒரு கடற்படைப் பிரிவும் பாரிஸுக்கு ஒரு மருத்துவக் குழுவும். கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் டக்காரில் நின்றபோது ஸ்பானிஷ் காய்ச்சல் பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். வழியில் நீர்மூழ்கி என்று நினைத்துக் கடல்பன்றிக் கூட்டத்தைச் சுட்டார்கள் என்பது அந்தப் பிரிவைப் பற்றி எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை. ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தது 1918 நவம்பர் 10, மறுநாள் போர் நின்றது. ஆனாலும் 1919-ல் பாரிஸ் சமாதான மாநாட்டில் பிரேசிலுக்கு இடம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் மலையில் ஏழரை மாதம் நின்ற பிரேசிலுக்கு வேண்டியிருந்தது ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஒரு நிரந்தர இடம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944-லேயே அதில் விருப்பம் இருந்தது, பிரிட்டனும் சோவியத்தும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்று வரை கிடைக்கவில்லை.